தனி அடுப்பு

வெந்நீரில்தான் எல்லாம் தொடங்கியது. குலசேகரன்பட்டினத்தில் குளிராவது ஒன்றாவது, மார்கழியிலும் ஃபேன் ஓடுகிற ஊர். ஆனாலும் சீனித்தாய்க்கு விடிந்ததும் ஒரு வாளி வெந்நீர் வேண்டும். பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் வருஷக்கணக்காக அண்டா தூக்கிய இடுப்பு அது. வெந்நீர் விழாமல் நிமிர மாட்டேன் என்று அடம்பிடிக்கும். புருஷன் போய்ச் சேர்ந்து, வேலையிலிருந்தும் மாலை போட்டு அனுப்பிவிட்ட பிறகு, யாரிடமும் கேட்காமல் அவள் அனுபவித்த ஒரே சுகம் அந்த வாளிதான். அதிலும் மண் விழுந்தது.

மருமகள் சண்முகசுந்தரி கெட்டவள் இல்லை. கணக்குப் பார்க்கிறவள், அவ்வளவுதான். ஒரு நாள் காலை பாலைக் காய்ச்சும்போது அடுப்பு சிவந்து முனகி அணைந்துவிட்டது. அவள் சிலிண்டரை ஆட்டிப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மாத்துன மாதிரி இருக்கு. வெந்நிக்கே பாதி போயிருது" என்றாள். மாமியாரைப் பார்த்துச் சொல்லவில்லை, சிலிண்டரைப் பார்த்துச் சொன்னாள். அதைத்தான் சீனித்தாயால் தாங்க முடியவில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் முகத்துக்கு நேரே ரெண்டு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் சேர்ந்து உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவியிருப்பாள்.

அன்று மத்தியானமே, பின்வாசலைத் தாண்டி முன்பு ஆடு கட்டிக் கிடந்த தகரக் கொட்டகையைக் கூட்டிப் பெருக்கி, மூன்று கல் வைத்து உலை ஏற்றிவிட்டாள். படுக்கை மட்டும் வீட்டுக்குள். சோறு தனி, குழம்பு தனி, காப்பி தனி, வெந்நீரும் தனி. மருமகளோடு பேச்சும் நின்றது. தவிர்க்க முடியாமல் எதையாவது சொல்லியே ஆகவேண்டும் என்றால், முற்றத்தில் மேய்கிற கோழியிடம் இவள் சொல்லுவாள், அவளும் கோழியிடமே பதில் சொல்லுவாள். இப்படியே ரெண்டு மழைக்காலம் போய்விட்டது. அந்த வீட்டு விவகாரம் அந்தக் கோழிக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

மகன் விஜயராஜ் தூத்துக்குடி துறைமுகத்தில் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். வீட்டுக்கு வருகிற நாட்களில் பெண்டாட்டி கையால் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, அதே கையோடு அம்மாவின் கொட்டகைக்கும் வந்து குனிந்து உட்கார்ந்து ஒரு வாய் வாங்கித் தின்பான். அவ்வளவு பெரிய லாரியைப் பின்னாலேயே ஓட்டிக் கொண்டுபோய்ச் சொருகத் தெரிந்தவனுக்கு, இந்த ரெண்டு பொம்பளைகளுக்கு நடுவில் ஒரு வார்த்தையைச் சொருகத் தெரியவில்லை.

கொட்டகை அடுப்புக்குக் கிடைப்பது உடைமர விறகும் பனை மட்டையும்தான். காய்ந்திருந்தால் கொஞ்சம் புகை, நனைந்திருந்தால் புகை மட்டும். கடல் காற்று வேறு, வெளியே போகிற புகையைத் திருப்பி முகத்திலேயே அடிக்கும். சீனித்தாய்க்கு இருமல் பிடித்துக்கொண்டது. முதலில் காலையில் மட்டும் வந்தது, பிறகு எந்நேரமும். அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு மழைக்காலம் இந்தப் புகைக்கு முன்னால் உட்கார்ந்தால் மூச்சுக்கு மிஷின் வைக்க வேண்டிவரும் என்று சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்டு வந்த அன்று சீனித்தாய்க்கு உள்ளபடியே பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கேஸ் அடுப்பில் பொங்கிப் போட்டவள், தன் ஒரு வயிற்றுக்குப் பொங்கப் போய்ப் புகையில் சாவதா என்று ஆத்திரமாகவும் இருந்தது.

விஜயராஜ் கரண்ட் அடுப்பு வாங்கித் தருகிறேன் என்றான். கொட்டகைக்கு வயர் இழுத்தால் ஓடப்போவது வீட்டு மீட்டர். பிறகு சுந்தரி மீட்டரைப் பார்த்துப் பேசுவாள். கடையில் விற்கிற சின்ன சிலிண்டர் வாங்கி வரவா என்றான். அது தீர்ந்தால் மறுபடி அவன்தான் நிரப்ப வேண்டும், அவன் காசு என்றால் சுந்தரியின் காசும்தான். அதெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். திரும்ப அந்தக் கேஸ் அடுப்பிடமே போய் நிற்பதற்குப் புகையே மேல் என்று இருந்தது அவளுக்கு. விரோதத்தில் அவள் அவ்வளவு சுத்தம்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு உமாராணி, ஏழைப் பொம்பளைகளுக்கு அரசாங்கமே கேஸ் இலவசமாகக் கொடுக்கிறதாம் என்று மதில் வழியே சொன்னாள். சீனித்தாய்க்கு அது காதில் தேனாக விழுந்தது. அரசாங்கம் கொடுப்பது மகன் தயவும் இல்லை, மருமகள் தயவும் இல்லை. யாரும் சிலிண்டரைப் பார்த்து முணுமுணுக்க முடியாது. மறுநாளே நல்ல சேலையை உடுத்திக்கொண்டு கேஸ் ஏஜென்சிக்குப் பஸ் ஏறினாள்.

ஏஜென்சியில் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினாள். இலவச கேஸ் பெண்கள் பெயரில்தான் கொடுப்பார்களாம். ஏழையாக இருக்க வேண்டுமாம். வீட்டில் யார் பேரிலும் ஏற்கெனவே கேஸ் இருக்கக் கூடாதாம். சீனித்தாய் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவள் கடைசியில் நிறுத்திவிட்டாள். பெண்ணாகப் பிறந்ததில் சந்தேகமில்லை. ஏழை என்பது சேலையைக் கொசுவி மறைத்தாலும் தெரியும். வீட்டில் கேஸ் இல்லையா என்றால் இருக்கிறது, அவளுக்குத்தான் இல்லை. அது மருமகள் அடுப்பு, நான் தனியாகப் பொங்குகிறேன் என்று விளக்கினாள். அந்தப் பெண் ரேஷன் கார்டைத் திருப்பிக் காட்டி, இதில் மூன்று பேரும் ஒரே குடும்பமாகத்தான் இருக்கிறீர்கள், தனிக் கார்டு வாங்கி வாருங்கள் என்றாள்.

தனிக் கார்டு தாலுகா ஆபீஸில். முதல் தடவை போனபோது அந்த சீட்டில் ஆள் இல்லை. அடுத்த தடவை போனபோது ஆள் இருந்தார், மகன் கையெழுத்து இல்லை. விஜயராஜை லாரியிலிருந்து இறக்கி அழைத்துக்கொண்டு போனபோது, அவன் தாயார் பேரை எடுப்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டே கையெழுத்துப் போட்டான். பழைய கார்டிலிருந்து பேரை எடுத்துவிட்டுப் புதுக் கார்டு வருவதற்குள் அரிசி யார் தருவார்கள் என்று சீனித்தாய் கேட்டாள். இப்போது எடுக்க மாட்டோம், ஆய்வு முடிந்த பிறகுதான் எடுப்போம் என்றார்கள். இந்த ஒரு பதிலை வாங்கவே ஒரு பகல் போயிற்று.

அந்த சீட்டில் இருந்தவர் கேட்ட இன்னொரு கேள்விதான் அவளைக் கொதிக்க வைத்தது. தனியாகச் சமைக்கிறீர்கள் என்றால் உங்கள் கேஸ் நம்பர் என்ன என்று கேட்டார். கேஸ் வாங்கத்தானே கார்டு கேட்கிறேன் என்றாள். கேஸே இல்லாமல் தனியாகச் சமைப்பதாக எப்படி எழுதுவது என்றார்.

"கேஸ் வாரதுக்கு முந்தி உங்க ஆத்தா உங்களுக்கு எதுலய்யா பொங்கிப் போட்டா?" என்று சீனித்தாய் கேட்டாள்.

பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். கேள்வி கேட்டவரும் சிரித்துவிட்டு, தசரா முடியட்டும், நேரில் பார்க்க ஆள் வருவார் என்று சொல்லி அனுப்பினார். தனி அடுப்பு இருப்பதைக் கண்ணால் பார்த்து எழுதினால் போதும், கார்டு வந்துவிடும், கார்டு வந்தால் கேஸும் வந்துவிடும். இவ்வளவு சுலபமா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மழை தொடங்குவதற்குள் வந்துவிட்டால் பிழைத்தோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு ஊர் திரும்பினாள்.

தசரா என்றால் குலசையில் வேறு எந்தக் காரியமும் ஓடாது. தெருவெல்லாம் காளியும் குறத்தியும் குரங்கும். முத்தாரம்மனுக்கு நேர்ந்துகொண்டு வேஷம் கட்டியவர்கள் வீடு வீடாக வந்து காணிக்கை கேட்டுக்கொண்டு போனார்கள். போலீஸ் வேஷத்தில் ஒருவன் தடியைத் தட்டிக்கொண்டு பின்வாசலுக்கே வந்தபோது, ஆய்வுக்குத்தான் ஆள் வந்துவிட்டது என்று சீனித்தாய் எழுந்து நின்று தன் அடுப்பைக் காட்டத் தொடங்கிவிட்டாள். அவன் கையிலிருந்த உண்டியலைப் பார்த்த பிறகுதான் சுதாரித்தாள். அவனுக்குக் காசைப் போட்டுவிட்டு, தாயே எனக்கு ஒரு அடுப்புக்கு வழிவிடு என்று முத்தாரம்மனுக்கும் ஒரு வார்த்தை போட்டுவைத்தாள்.

திருவிழாக் கூட்டம் கலைந்து, ஐப்பசி மேகம் கடல் பக்கம் திரள ஆரம்பித்த சமயத்தில் தாலுகா ஆபீஸிலிருந்து விஜயராஜுக்குப் போன் வந்தது. மறுநாள் ஆள் வருகிறார். அவன் லாரிக்கு லீவு சொன்னான். சீனித்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேலையில் இறங்கினாள்.

சத்துணவுக் கூடத்தில் அவள் படித்த பாடம் ஒன்றே ஒன்று. ஆபீசர் வருகிறார் என்றால் தேய். அண்டாவின் வெளிப்பக்கமும் மின்ன வேண்டும், அடுப்பில் சாம்பல் தெரியக் கூடாது, சுவரில் ஒட்டடை தெரியக் கூடாது. ஒரு தடவை பானையடியில் கரி இருந்ததென்று சமையல்காரியையும் இவளையும் பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்தி வைத்து ஒரு அதிகாரி கிழித்த கிழி அவள் மறக்கவில்லை. ஆகவே கல்லை எடுத்து வெளியே வைத்துக் கழுவி, தரையைச் சாணி போட்டு மெழுகி, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து, முகப்பில் கோலமும் இழுத்தாள். சோற்றுப் பானை, குழம்புச் சட்டி, வெந்நீர்க் குண்டான் எல்லாவற்றையும் செங்கல் பொடி போட்டுத் தேய்த்தாள். ரெண்டு வருஷத்துக் கரி. தோள் கழன்றுவிடும் போல இருந்தது, நடுநடுவே இருமல் வேறு உட்காரவைத்தது. இருட்டும்போது பானைகள் கல்யாணத்துக்குச் சீராக வந்தவை போல வரிசையில் கவிழ்ந்து கிடந்தன. பின்வாசல் கதவோரம் நின்று சுந்தரி இதையெல்லாம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. பக்கத்தில் கோழி இல்லாததாலோ என்னவோ சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

ஆய்வுக்கு வந்தவர் பேர் நேசக்குமார். சாயர்புரத்துக்காரர், இளவயது, சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருந்தது. பைக்கை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு கொட்டகைக்குள் குனிந்தார். குனிந்தவர் சுண்ணாம்புக் கல்லையும் கோலத்தையும் பார்த்தார்.

"இதுலதான் சமைக்கிறீங்களாம்மா?"

ஆமாம் என்றாள் சீனித்தாய். அவர் சோற்றுப் பானையைத் திருப்பி அடியை விரலால் தடவினார். விரலைப் பார்த்தார். விரல் வெள்ளையாகவே இருந்தது. அந்த விரலைப் பார்த்தபோதுதான் சீனித்தாய்க்குத் தான் செய்த வேலை உறைத்தது. கரி இருந்தால் திட்டுவார்கள் என்று நினைத்துத் தேய்த்தாளே, இந்த ஆபீசருக்கு வேண்டியதே அந்தக் கரிதான். நீங்கள் வருகிறீர்கள் என்று நேற்றுத்தான் தேய்த்தேன், இந்தா இப்போதே தீ மூட்டிக் காட்டுகிறேன் என்று படபடத்தாள். அவர் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு போனில் படம் எடுத்தார். படத்தில் அடுப்பு கொலு வைத்த மாதிரி இருந்தது. விஜயராஜ் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து முற்றத்தில் போட்டான். அவர் உட்கார்ந்து, கையிலிருந்த பேப்பர்களால் விசிறிக்கொண்டார்.

ஆள் ஒருவர் வீட்டில் வந்து உட்கார்ந்து விசிறிக்கொள்வதைக் கண்டால் அந்தப் பக்கத்துப் பொம்பளைகளுக்கு வாய் தானாகத் திறந்துவிடும். வந்தது கடன்காரனா, போலீஸா என்பதெல்லாம் பிறகுதான். வாய் நனைக்காமல் அனுப்பக் கூடாது.

"ஏளா சுந்தரி, சாருக்குக் காப்பி கொண்டா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்துவிட்டாள் சீனித்தாய்.

சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. விஜயராஜ் வாயைப் பிளந்துகொண்டு அம்மாவைப் பார்த்தான். உள்ளேயிருந்து லைட்டர் சொடுக்குகிற சத்தம் கேட்டது.

சுந்தரி தட்டில் ரெண்டு டம்ளர் வைத்துக் கொண்டுவந்தாள். ஒன்றை ஆபீசருக்குக் கொடுத்துவிட்டு, மற்றதை நீட்டி, "அத்தை, உங்களுக்கும்" என்றாள். வெளியாள் முன்னால் மாமியாரை விட்டுவிட்டு வந்தவருக்கு மட்டும் கொடுக்க அவளுக்கும் வராது, வெளியாள் முன்னால் வேண்டாம் என்று சொல்ல இவளுக்கும் வராது. சீனித்தாய் வாங்கிக் குடித்தாள். கருப்பட்டி தூக்கலாக, சுக்கு தட்டிப் போட்டு, அவளுக்கு எப்படிப் பிடிக்குமோ அப்படியே இருந்தது. அது அவளுடைய ஆத்திரத்தை இன்னும் கிளப்பியது. இத்தனையும் தெரிந்து வைத்துக்கொண்டுதானே அன்றைக்குச் சிலிண்டரைப் பார்த்துப் பேசினாள்.

நேசக்குமார் காப்பியைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்து, மாமியாரையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். நல்ல மனுஷன். இந்தக் காப்பியை எழுத மாட்டேன், பானையையும் விட்டுவிடுகிறேன் என்றார். ஆனால் ஒரே வீட்டில் இருந்துகொண்டு தாய்க்குத் தனிக் கார்டு கொடுக்க ஒரு காரணம் எழுத வேண்டும், அது இல்லாமல் மேலே போகாது என்றார்.

தனியாகப் பொங்குகிறேன் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றாள் சீனித்தாய். அது காரணம் இல்லை, ஏன் தனியாகப் பொங்குகிறீர்கள் என்பதுதான் காரணம் என்றார் அவர். சீனித்தாய் யோசித்தாள். வெந்நீர் என்று சொல்லலாமா? ஒரு வாளி வெந்நீருக்காகக் குடும்பத்தைப் பிரித்து அரசாங்கத்தை இழுத்துவந்திருக்கிறாள் கிழவி என்று ஊர் சிரிக்காதா?

அவர் குரலைத் தணித்துக்கொண்டு, "மகன் பராமரிக்கலைன்னு சொல்லுங்கம்மா. அது ஒரு வார்த்தை போதும். நான் எழுதிட்டுப் போயிடறேன், கார்டு வந்துடும்" என்றார்.

விஜயராஜ் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். அவனுக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும், முகத்தில் அதிர்ச்சி இல்லை. தலையைக் குனிந்தபடியே, "சொல்லும்மா" என்றான். சுந்தரி காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் பாதி மறைந்து நின்றாள். மதிலுக்கு மேலே உமாராணியின் தலை எப்போது முளைத்ததோ தெரியவில்லை, முளைத்திருந்தது.

சீனித்தாய் பேசாமலே நிற்பதைப் பார்த்து, காது மந்தம் போல என்று நேசக்குமார் நினைத்துக்கொண்டார். கொஞ்சம் குனிந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "மகன் உங்களுக்குச் சோறு போடலையாம்மா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். இருமலும் டாக்டரம்மாவும் மழையும் எங்கே போயின என்று தெரியவில்லை. அவள் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் மகனுடைய குனிந்த தலைதான். அந்தத் தலையில் இந்தச் சொல்லைத் தூக்கி வைக்க வேண்டுமாம், அதற்குக் கூலியாக ஒரு அடுப்பாம்.

"யாருய்யா சொன்னா? எம் மவன் எனக்குச் சோறு போடாம இருப்பானா?"

நேசக்குமார் பேனாவை எடுத்துவிட்டார். நிதானமாகச் சொல்லுங்கள், நான் எழுதிவிட்டால் பிறகு மாற்ற முடியாது என்று எச்சரித்தார். விஜயராஜ், "எம்மா" என்று பல்லைக் கடித்தான். சீனித்தாய் நிற்கவில்லை. மதிலின் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அங்கேயும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள்.

"நல்லா எழுதிக்கிடுங்க. எம் மவனும் மருமவளும் என்னைய ஒரு குறையும் இல்லாமத்தான் வச்சிருக்காவ."

அவர் எழுதிக்கொண்டார். காப்பி நன்றாக இருந்தது என்று சுந்தரியிடம் சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

பைக் சத்தம் தெருமுனை தாண்டியதும் விஜயராஜ் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை ஒரு எத்து எத்தினான். அவன் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை. நான் கெட்டவன் என்று ஏதோ ஒரு பேப்பரில் கிடந்துவிட்டுப் போகட்டும், அதை எவன் எடுத்துப் படிக்கப்போகிறான், உனக்கு அடுப்பு வந்திருக்குமே என்று கேட்டான். உமாராணி கேட்டுக்கொண்டு நின்றாளே என்றாள் சீனித்தாய்.

"அவளுக்குத் தெரியாதாக்கும் நீ தனியா பொங்குறது? தெனமும் உன் புகை அவ வீட்டுக்குத்தானம்மா போவுது."

ஊர் முழுக்கத் தெரிந்த விஷயம்தான். தெரிந்திருப்பது வேறு, தன் வாயால் தன் முற்றத்தில் நின்று சொல்வது வேறு. இந்த வித்தியாசம் அவனுக்குப் புரியவில்லை, அரசாங்கத்துக்கும் புரியவில்லை. அவள் கேட்டது ஒரு அடுப்பு. அவர்கள் கொடுக்கத் தயாராகத்தான் இருந்தார்கள், ஆனால் அடுப்பைக் கேட்டு வருகிறவள் முதலில் பெற்ற பிள்ளையை, தாயைக் கைவிட்டவன் என்று ஆக்க வேண்டும். பிள்ளை நல்லவனாக இருந்து, மருமகள் கொஞ்சம் கணக்குப் பார்க்கிறவளாக இருந்து, மாமியார் கொஞ்சம் ரோஷக்காரியாக இருந்தால், அதற்கு அவர்கள் பேப்பரில் இடமே இல்லை.

மழை தொடங்கிய வாரத்தில் விஜயராஜின் போனுக்கு மெசேஜ் வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது, ஒரே சமையலறை, மனுதாரர் மகனின் பராமரிப்பில் உள்ளார். தூத்துக்குடியில் லோடுக்குக் காத்திருந்த இடத்திலிருந்து அவன் கூப்பிட்டுப் படித்துக் காட்டினான். இன்னொரு தடவை சொல்லு என்றாள் சீனித்தாய். அவன் மறுபடியும் படித்தான். சரி என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் விடியற்காலை கொட்டகைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சாக்கு போட்டு மூடி வைத்திருந்தும் விறகெல்லாம் ஈரம். தேய்த்து வெளுத்த குண்டானில் தண்ணீரை ஊற்றி வைத்துவிட்டு அவள் பனை ஓலையைக் கொளுத்திச் செருகினாள். ஓலை எரிந்து தீர்ந்தது, மட்டை பிடிக்கவில்லை. மறுபடி செருகினாள், ஊதினாள். வெள்ளைப் புகை கிளம்பிக் கொட்டகையை அடைத்தது. இருமல் வந்தது, வந்தது நிற்கவில்லை. தரையில் கையை ஊன்றிக்கொண்டு, அடுத்த மூச்சு கிடைக்குமா கிடைக்காதா என்று பயந்துபோய்க் கிடந்தாள். ஒருவழியாக அது கிடைத்ததும், கண்ணையும் மூக்கையும் சேலையால் துடைத்துக்கொண்டு, யாரைத் திட்டுவது என்று யோசித்தாள். ஏஜென்சிப் பெண் உள்ளதைச் சொன்னாள். நேசக்குமார் தன்னால் முடிந்த மட்டும் வளைந்து கொடுத்தார். மகன் தலையையே கொடுத்தான். மருமகள் காப்பி கொடுத்தாள். திட்டுவதற்குத் தன் வாய் ஒன்றுதான் மிச்சம் இருந்தது, அதையும் திட்ட அவளுக்கு மனசு வரவில்லை. அந்த வாய் சொன்னது பொய்யாக இருக்கலாம், தப்பு இல்லை.

அப்போதுதான் மெசேஜ் நினைவுக்கு வந்தது. ஒரே சமையலறை.

சீனித்தாய் எழுந்தாள். குண்டானை ரெண்டு கையாலும் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மழையில் நனைந்தபடி முற்றத்தைக் கடந்து, பின்வாசல் வழியே நேராக உள்ளே போனாள். சுந்தரி இட்லிச் சட்டியை ஏற்றி வைத்திருந்தாள். பக்கத்து பர்னர் காலியாக இருந்தது. சீனித்தாய் குண்டானை அதன் மேல் ணங்கென்று வைத்து, லைட்டரை எடுத்துச் சொடுக்கினாள். நீலமாகப் பிடித்துக்கொண்டது. இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒரு சொடுக்கில் பிடிக்காத கேஸ் அடுப்பே கிடையாது.

சுந்தரி குண்டானைப் பார்த்தாள். குண்டானிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தாள். பிறகு மாமியாரின் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை சிலிண்டரிடம் பேசவில்லை.

"அத்தை, அடுத்த சிலிண்டருக்குப் பதிஞ்சே இன்னும் வரலை. தீந்து போச்சுன்னா நான் என்ன செய்வேன்?"

"தீந்தா தீரட்டும். ஒரே அடுப்புன்னு கவர்மெண்டே எழுதிக் குடுத்துட்டுதே. இதை விட்டா நான் எங்கனளா போவேன்?"

முகத்துக்கு நேரே ரெண்டு வார்த்தை. இதைச் சொல்ல ரெண்டு மழைக்காலம் பிடித்திருக்கிறது. சொன்ன பிறகு லேசாக இருக்கும் என்று நினைத்தாள், இருக்கவில்லை. கேட்டுப் போனது யாருக்கும் கடமைப்படாத ஒரு அடுப்பு, வந்து நிற்பது இந்த அடுப்புக்கு முன்னால். புகையே இல்லாத அந்தச் சமையலறையில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது, அதை மழைத் தண்ணீர் என்று வைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமலே நின்றாள்.

சுந்தரி கொடியிலிருந்து ஒரு துண்டை உருவி மாமியாரின் தோளில் போட்டாள். போட்ட கையோடு குனிந்து, வெந்நீர் அடுப்பின் திருகைத் திருப்பித் தீயை சிம்மில் வைத்தாள்.

சீனித்தாய் துண்டால் தலையைத் துவட்டினாள். சுந்தரி இட்லியைப் பார்க்கத் திரும்பியதும், கையை நீட்டித் தீயை மறுபடி பெரிதாக வைத்தாள்.